நான் நேர்ந்தேன், மதலேன் காத்தாள்

தண்ணீருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று என் மனைவி மதலேனுடையது. மற்றது எங்கள் ஏழு வயது மகள் றெஜினாவுடையது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுதான் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. தலைமன்னாருக்கு அப்பால், கடல் நடுவே கிடக்கும் ஒரு மணல் தீடையின் முனையில், கால்கூட நனையாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை உங்களில் வயதானவர்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். அந்த வருஷத்து அந்தோனியார் திருநாளில், கோயிலில் எழுந்து நின்று நானே சொன்னேன். பலர் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அன்று நான் சொன்னது பாதிதான். மற்றப் பாதி அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஆகையால் திரும்பச் சொல்கிறேன். கந்தோர்க் கோப்புகளின் வழக்கப்படி, முந்தியதை இரத்துச் செய்துவிட்டு இதை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், தலைமை இலிகிதராக இருந்து பென்சனில் போனவன். ஒரு காரியம் எந்த வழியாகப் போகவேண்டும், எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெள்ளைக்கார ஏசண்டர் துரைமார் வந்தார்கள், போனார்கள். இந்தத் தீவை எப்படி ஆளுவது என்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் பழக்கினேன், அவர்களுக்குத் தெரியாமல். வானத்துச் சம்மனசுகளின் கந்தோரிலும் இதே ஒழுங்குதான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். விண்ணப்பம் சரியாக எழுதப்பட்டிருந்தால் உத்தரவு வரும். என் விசுவாசம் அந்த மட்டில் இருந்தது.

தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கொழும்பிலிருந்து துரைமாரும் துரைசானிகளும் வந்து, வள்ளம் பிடித்து, இராமேஸ்வரப் பக்கமாக வரிசையாய்க் கிடக்கும் தீடைகளுக்குப் போவார்கள். பகல் முழுக்க நீந்திவிட்டுப் பின்னேரம் அவித்த நண்டு மாதிரிச் சிவந்து திரும்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் சிறாப்பருக்கு, அதாவது கச்சேரிக் காசாளருக்கு, ஆசை வந்துவிட்டது.

"ஏன் காணும், உப்புத் தண்ணி வெள்ளைக்காரருக்கு மட்டுமோ எழுதி வைச்சிருக்கு? நாங்களும் ஒருக்கா குடும்பத்தோட போவம்" என்றார்.

"உமக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. துரைமாருக்கு நிர்வாகம் தெரிஞ்சோ வாறவை?"

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள் விடுமுறை. அந்த மாதத்தில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். ஏற்பாடு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். வேறு யாரிடம் ஒப்படைப்பது? துறைமுகத்தில் அனுமதி, சுங்கத்தாருக்கு அறிவிப்பு, வள்ளம், குடிதண்ணீர், சாப்பாடு எல்லாம் செய்தேன். ஆண்கள் குளிக்கும் நேரம் எது, பெண்கள் குளிக்கும் நேரம் எது என்று பிரித்தேன். பெண்களுக்கு, மானம் மரியாதையை உத்தேசித்து, தீடையின் தூர முனையை ஒதுக்கினேன். நடுவில் ஒரு பழைய பாயைத் திரையாகக் கட்டச் சொன்னேன். ஒரு குறையும் இல்லை. ஆண்களிடமிருந்து பெண்களைக் காப்பாற்றுவதற்கு எல்லாம் செய்திருந்தேன்.

மதலேன் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். அவளுடைய தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, வலையும் ஆட்களும் சொந்தமாக வைத்திருந்தவர். நடக்க முந்தி நீந்தினவள் என்று அவளுடைய சகோதரிகள் சொல்வார்கள். கலியாணம் முடித்து என்னோடு மன்னார்ப் பட்டினத்துக்கு வந்தபின் கச்சேரி இலிகிதரின் மனைவியாக இருந்தாள். அது கதிரையில் உட்கார்ந்து செய்கிற உத்தியோகம். ஆனால் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் விடிய எழும்பிக் கடலுக்குப் போவாள். நான் கண்டும் காணாமல் இருந்தேன். திரும்பி வரும்போது ஈரத் தலையும் ஒரு கிழமைக்குப் போதுமான நல்ல குணமும் கொண்டு வருவாள்.

அன்று காலையில் அவளைப் பார்த்திருக்கவேண்டும். மற்றப் பெண்கள் கணுக்கால் தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். மதலேன் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நேரே போய் மறைந்து, எங்கேயோ தூரத்தில் எழும்பினாள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. சிறாப்பர் என்னைப் பார்த்தார்.

"அது ஆர் சிரிக்கிறது?"

"எங்கட வீட்டுக்காரி."

"இருக்காதே. அவ சிரிச்சு நான் கேட்டதில்லையே."

நானும் கேட்டதில்லை. ஆனால் அதை அவருக்குச் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது நடந்தது. வள்ளத்தை நடத்திய தண்டயல், காசிம் காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய மனிதர், தன் ஆட்களோடு மறுபக்கத்தில் படுத்திருந்தார். பெண்கள் முனையில் மறுபடி இறங்கியிருந்தார்கள். எங்கள் தீடைக்கும் அடுத்த தீடைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மாதிரிக் கடல் ஓடும். காலையில் ஓடாமல் கிடந்தது இப்போது ஓடத் தொடங்கிவிட்டது. றெஜினா இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் இரண்டடி தள்ளிப் போனாள். நிலம் இல்லை. நீர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

அலறல் கேட்டு நான் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது மதலேன் பாய்ந்து பாதித் தூரம் போயிருந்தாள். பிள்ளையை எட்டிப் பிடித்ததைக் கண்டேன். இனித் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை. கரைப் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. நீரோட்டத்தோடு அப்படியே போய்க்கொண்டிருந்தாள். களைத்துவிட்டாள், கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். சூரியன் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அப்போதுதான் நான் முதலில் சொன்னபடி இரண்டு தலையும் மறைந்தன.

நான் முழந்தாளிட்டு மணலில் விழுந்தேன். மற்றவர்கள் வள்ளத்துக்கு ஓடினார்கள். வள்ளம் பாய் கட்டிச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதுவரை என் வாழ்க்கையில் செபம் என்றால் புத்தகத்தில் இருப்பதைப் படிப்பது. அன்று வயிற்றிலிருந்து கத்தினேன். அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"அந்தோனியாரே, இரண்டு பேரையும் திருப்பித் தாரும். என்ர பெண்சாதி சீவியகாலத்தில இனிக் கடலில கால் வைக்கமாட்டாள். இது சத்தியம்."

அந்த அவதியிலும் வாசகம் எவ்வளவு தெளிவாக அமைந்தது என்று பாருங்கள். காலவரையறை உண்டு, விலக்கு இல்லை. பழக்கதோஷம்.

வள்ளம் அடுத்த தீடையைச் சுற்றிப் போனபோது அவர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மதலேன் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தாள். றெஜினா அழுதுகொண்டிருந்தாள், தலையில் கட்டியிருந்த நாடா போய்விட்டதாம். காசிம் காக்கா நெஞ்சில் கையை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நாடாவுக்குத்தான் அழுவுது" என்றார். வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள். நான் வள்ளத்தை விட்டு இறங்க முடியாமல் கையை நீட்டினேன்.

"ஏன் திரும்பி வரேல்லை நீர்?" என்று கேட்டேன். அது கோபமா நன்றியா என்று எனக்கே தெரியவில்லை.

"எதிர்த்து நீந்தினா ரெண்டு பேரும் முடிஞ்சிருப்பம். அதோட போனா அது தானே கொண்டுவந்து விட்டிடும்" என்றாள். முகம் மினுங்கியது. பயந்த முகம் இல்லை அது. ஒரு பெரிய வேலையைச் சரியாய்ச் செய்து முடித்த முகம்.

அப்போதுதான் நான் நேர்த்தியைச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால், சந்தோஷச் செய்தி மாதிரிச் சொன்னேன். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். மதலேன் கடலை ஒருமுறை பார்த்தாள். காசிம் காக்காவின் ஆட்கள் அவளைத் தண்ணீரில் கால் படாமல் தூக்கி ஏற்றினார்கள். நேர்த்தி அந்த நிமிஷமே அமுலுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவள் கடலில் கால் வைக்கவில்லை.

காவல்காரன் நான்தான். கேள்விகள் எழுந்தபோதெல்லாம் தீர்ப்பும் நானே சொன்னேன். பாலத்துக்குப் பக்கத்துக் களப்புத் தண்ணீர் கடலில் அடங்குமா? அடங்கும். அலை வந்து தானாகக் காலில் பட்டால்? முன்கூட்டியே விலகி நிற்கவேண்டும். வள்ளத்தில் போகலாமா? போகலாம், பலகையில் கால் இருப்பதால். தாழ்வுபாட்டுக்குப் போனால் கரையில் அவளுக்கு ஒரு கதிரை போடுவார்கள். சகோதரிகள் தண்ணீருக்குள் நின்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, காலையாவது நனை. அத்தான் அங்கால பாக்கிறார்."

"அத்தான் பாக்காட்டி அந்தோனியார் பாக்கிறார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அலை ஏறி வரும்போது அவள் இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கிக்கொள்வாள். என் மனைவியின் பக்தியைப் பற்றி நான் கச்சேரியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

றெஜினாவுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது. அவள் இப்போது கலியாணம் முடித்துக் கொழும்பில் இருக்கிறாள். கடற்கரை வீதியால் போவதென்றால் வண்டியில் கடலுக்கு மறுபக்கம் உட்காருவாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறைவதற்கு முதலில் இருந்திருக்கவேண்டும் அல்லவா.

பென்சனுக்குப் பிறகு எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமிக்கு, அதாவது பாதிரியாருக்கு, நான் எழுத்து வேலையில் உதவுகிறேன். வயதில் சின்னவர், யாழ்ப்பாணத்தவர், வேகமாகச் சிரிப்பார். போன தவசு காலத்தில் ஒருநாள் அரிப்பு ஊரிலிருந்து ஒரு தாய் வந்தாள். மகனுக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தபோது, பிழைத்தால் அவனைச் சுவாமியார் ஆக்குவேன் என்று நேர்ந்தாளாம். மகன் பிழைத்து வளர்ந்து, இப்போது ஒரு பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று நிற்கிறான். நான் பக்கத்து மேசையில் இருந்து அவளுக்குப் பாவம் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

சுவாமி சொன்னார்: "அம்மா, நேர்த்தி நேர்ந்த ஆளைத்தான் கட்டும். உங்கட மகன்ர சீவியம் உங்கட சொத்தில்லை, எடுத்துக் காணிக்கை வைக்க. பெடியன் கலியாணம் கட்டட்டும். நீங்கள் உங்களால ஏலுமான ஒரு தர்மத்தைச் செய்யுங்கோ."

என் பேனா நின்றுவிட்டது. அவள் போனபின், "சுவாமி, இது பொதுச் சட்டமோ? அல்லது இந்தத் தாய்க்கு மட்டும் இரங்கிச் சொன்னதோ?" என்று கேட்டேன்.

"திருச்சபைச் சட்டம். ஏன்?"

"ஒரு மனுசி கடலில இறங்கக்கூடாது எண்டு ஒரு நேர்த்தி இருக்கு."

"நேர்ந்தது ஆர்?"

"நான்."

"மனுசி ஆர்?"

"எங்கட வீட்டுக்காரி."

சுவாமி என் பக்கம் திரும்பினார். "அப்படிக் கட்டுமெண்டா அது உங்களைத்தான் கட்டும். நீங்கள் கடலில இறங்கிறனீங்களோ?"

"ஒருநாளும் இறங்கினதில்லை சுவாமி."

"அப்ப ஒரு குறையுமில்லை. இவ்வளவு வருஷமும் நேர்த்தியை ஒழுங்காய்க் காப்பாத்தியிருக்கிறீங்கள்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அவவிட்டச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு நடந்த தூரம் எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தீடையில் நான் மன்றாடினேன், மன்றாட்டுக் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது? வானத்திலிருந்து கயிறு இறங்கவில்லை. அலை பிளக்கவில்லை. நான் வாயைத் திறக்க முந்தியே அந்தோனியார் ஆளை அனுப்பியிருந்தார். தாழ்வுபாட்டுக் கடலில் சின்ன வயது முதல் பழக்கி, தண்ணீரின் போக்கைச் சொல்லிக்கொடுத்து, சரியான நேரத்தில் சரியான இடத்தில் வைத்திருந்தார். என் மகளைக் காப்பாற்றிய உதவி அவளுடைய இரண்டு கைகள். அந்தக் கைகளைத்தான் நான் நன்றிக்காணிக்கையாகக் கட்டிப்போட்டேன். உதவிக்கு வந்தவரையே சிறைக்கு அனுப்பிவிட்டு, அதற்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

மதலேன் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம், விளக்கம், சுவாமியின் வார்த்தை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது என்னைக் கட்டாதெண்டு."

"எப்ப தொடக்கம்?"

"அந்தோனியார் திருநாள் முடிஞ்ச கிழமையே. பாவசங்கீர்த்தனத்தில பெரிய சுவாமியிட்டக் கேட்டனான். மகளே, உன்ர புருசன் நேர்ந்தது உன்னைக் கட்டாது எண்டு சொன்னவர்."

பெரிய சுவாமி என்பது அந்தக் காலத்தில் எங்களோடு இருந்த வெள்ளைத்தாடிப் பிரெஞ்சுச் சுவாமி. காலமாகிவிட்டார்.

"பின்னை ஏன் நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

மீனைச் சட்டியில் போட்டாள். கையைத் துடைத்தாள். "நீங்கள் கோயிலில எழும்பி நிண்டு சொல்லிப்போட்டீங்கள். சனமெல்லாம் அழுதது. அதுக்குப் பிறகு நான் இறங்கினா உங்களைப் பொய்யனாக்கிறதெல்லோ?"

"வீட்டில எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான்." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உமக்குச் சம்மதமோ எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

இல்லை. கேட்கவில்லை. துரைமாரின் நாயைக் கட்டிப்போடுவதற்குக்கூட இரண்டு பேருடைய சம்மதம் பெற்று எழுதிவைக்கிறவன் நான்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குழம்புக்குப் புளி காணாது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் அறைக்குள் போய் முழந்தாளில் நின்றேன். ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. எதையும் நேரவும் பயமாக இருந்தது. "ஆண்டவரே, அவளுக்கு ஆசை இன்னும் இருந்தால் அதை எடுத்துப்போடாதேயும்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு காலைப் பூசை முடிந்து வரும்போது அவளே, "கீரிப் பக்கம் போவமோ?" என்றாள். நான் வண்டி பிடித்தேன். கீரிக் கடற்கரையில் அந்த நேரம் ஆட்கள் இல்லை. மதலேன் சேலையை வரிந்து கட்டினாள். கொஞ்ச நேரம் தண்ணீர் விளிம்பில் நின்றாள். அலை வந்தது. பழக்கத்தில் காலைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு அதைத் தானே கண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, உள்ளே நடந்தாள்.

கழுத்தளவு தண்ணீரில் கையை வீசினாள். வலது தோள் மேலே எழும்பவில்லை. அந்தத் தோள் சில வருஷமாகவே வாதத்தில் பிடித்துப்போய் இருந்தது. இடது கையால் ஒருபக்கமாகச் சில வீச்சு வீசினாள். நேராகப் போகவில்லை. நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மல்லாந்து மிதந்தாள். கரையில் நான் எழுந்து நின்றேன். வாயில் ஒரு நேர்த்தி வந்தது, அதை விழுங்கினேன்.

திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தாள். நான் துவாயைக் கொடுத்தேன்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான் மிச்சம்" என்றாள்.

சகோதர சகோதரிகளே, அந்தச் சொல்லை நான் உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. மன்றாட்டுக் கேட்கப்படும். அதற்கு நான் சாட்சி. என் மகள் உயிரோடு இருக்கிறாள், என் மனைவி உயிரோடு இருக்கிறாள், இரண்டு பேரையும் கடல் எனக்குத் திருப்பித் தந்தது. கீரியில் அவள் முகத்தில் கண்ட வெளிச்சத்துக்கும் நான் சாட்சி. எடுத்துப்போடாதேயும் என்று கேட்டதை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. ஆனால் நடுவில் போன வருஷங்களை எந்தச் சுவாமியாலும் மாற்றித் தர முடியாது. அவை வேறொருத்தியுடையவை. அவற்றை நான் என் பேரில் காணிக்கை வைத்துவிட்டேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு மணல் முனை வரும். வரும்போது பயப்படாமல் கத்துங்கள். வாசகம் சரியா பிழையா என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை, நீங்கள் கேட்க முந்தியே ஆள் புறப்பட்டிருக்கலாம். நேர்வதானால் நீங்கள் புகைக்கிற சுருட்டை நேருங்கள், உங்கள் கோபத்தை நேருங்கள், உங்கள் சொந்தக் காலை நேருங்கள். உதவி எந்தக் கையால் வந்தது என்று பார்த்து, அந்தக் கையை நன்றாக வைத்திருங்கள். அவ்வளவு போதும். நான் இதைப் பென்சனுக்குப் பிறகு படித்தேன். நீங்கள் உத்தியோகத்தில் இருக்கும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் மதலேனைக் கேட்கிறேன், "போவமோ?" என்று. சில ஞாயிறு ஓம் என்கிறாள். சில ஞாயிறு, "இண்டைக்கு வேண்டாம், தோள் நோகுது" என்கிறாள். இரண்டு பதிலுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன். ஓமுக்குச் சொல்வது சுகம். மற்றதற்கு இன்னும் கொஞ்சம் செபம் தேவைப்படுகிறது.